நிதித்துறைக்கு எம்.பி.ஏ.வா, டாக்டர் பட்டமா?

எம்.காம். முடித்து வங்கியில் வேலை பார்க்கும் என் தம்பி மகன் சென்ற மாதம் மண்டிக்கு வந்தான். "பெரியப்பா, அப்பா எம்.பி.ஏ. படி என்கிறார். எனக்கு நிதியியலில் டாக்டர் பட்டம் வாங்க ஆசை. நீங்கள்தான் சொல்ல வேண்டும்" என்றான். நான் பள்ளிப் படிப்போடு கல்லாவில் உட்கார்ந்தவன். ஆனாலும் தம்பி பணத்துக்கு வரப்போவது என்னிடம்தான் என்பதால் விசாரித்தேன். நம் உறுப்பினர்கள் பலர் வீட்டிலும் இந்தப் பேச்சு இருக்கும்.

எம்.பி.ஏ. இரண்டு ஆண்டு. அகமதாபாத் ஐ.ஐ.எம். போன்ற இடத்தில் கட்டணம் மட்டும் 20 லட்சத்துக்கு மேல். டாக்டர் பட்டத்துக்கு 2022ஆம் ஆண்டு யு.ஜி.சி. விதிப்படி குறைந்தது மூன்றாண்டு, நடைமுறையில் ஐந்தாகிவிடுகிறது. நெட் தேர்வில் உதவித்தொகைக்குத் தேறினால், 2023 முதல் உள்ள விகிதப்படி முதல் இரண்டாண்டு மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. ஐந்தாண்டுக்கு 24 லட்சம்.

பையனின் சம்பளம் 60,000. ஐந்தாண்டுக்கு 36 லட்சம். ஆக, டாக்டர் பட்டத்துக்கு இழப்பு 12 லட்சம். எம்.பி.ஏ.வுக்கோ கட்டணம் 20 லட்சம், இரண்டாண்டுச் சம்பளம் 14 லட்சத்துச் சொச்சம். தம்பி வாயடைத்துப் போனான். ஆனால் கணக்கை அங்கே மூடக்கூடாது. எம்.பி.ஏ. படித்தவன் மூன்றாம் ஆண்டே நல்ல சம்பளத்தில் உட்கார்ந்துவிடுவான். மற்றவன் அப்போதும் உதவித்தொகையில்தான் இருப்பான். வங்கி, மியூச்சுவல் பண்டு, கம்பெனிகளின் நிதிப் பிரிவு எல்லாம் பெரும்பாலும் எம்.பி.ஏ.வைத்தான் கேட்கின்றன. டாக்டர் பட்டம் கல்லூரிப் பேராசிரியர் பதவிக்கும் ஆராய்ச்சிக்கும் கடினமான விலைக்கணக்குகளுக்கும்.

அந்த விலைக்கணக்கு நமக்குப் புதிதல்ல. மிளகாய்க்கு அச்சாரம் கொடுத்து விலையைப் பிடித்துவைக்கிறோம்; விலை இறங்கினால் அச்சாரத்தை விட்டுவிடுகிறோம். அந்த அச்சாரம் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதற்கு 1973இல் பிளாக், ஷோல்ஸ் என்ற இரு டாக்டர்கள் சூத்திரம் கண்டார்கள். அதை விரித்த மெர்ட்டனும் ஷோல்ஸும் 1997இல் நோபல் பரிசு பெற்றார்கள். மறு ஆண்டே அவர்கள் பங்காளிகளாக இருந்த எல்.டி.சி.எம். நிறுவனம் 400 கோடி டாலருக்கு மேல் இழந்தது! சந்தை யாருக்கும் உறவில்லை.

ரிசர்வ் வங்கி கவர்னராக இருந்த ரகுராம் ராஜன் 1987இல் அகமதாபாத்தில் எம்.பி.ஏ.வுக்கு இணையான படிப்பை முடித்து, 1991இல் அமெரிக்காவில் டாக்டர் பட்டம் வாங்கினார். எம்.பி.ஏ. படித்தால் மற்றக் கதவு மூடிவிடாது என்று இதைச் சொல்லித்தான் பையனை மாற்றப் பார்த்தேன்.

"ஐந்தாண்டு ஒரே கேள்வியோடு உட்காருவாயா? அப்படி என்ன கேள்வி?" என்றேன். மொத்த வியாபாரிக்கு நாள் தவறாமல் பணம் கட்டும் மளிகைக் கடைக்காரருக்கு வங்கி ஏன் கடன் தர மறுக்கிறது என்றான். அவன் மேசையிலேயே அப்படிப் பல மனுக்கள் திரும்பிப் போயிருக்கின்றனவாம். "உங்கள் பற்று வரவுப் பேரேடுகளைப் பெயர் மறைத்துத் தருவீர்களா?" என்று கேட்டான்.

இருபது வருடப் பேரேடுகளைப் பரணிலிருந்து இறக்கச் சொல்லியிருக்கிறேன். தம்பிக்கு இன்னும் கோபம்தான்.