ஆழ்கிணற்றின் இரு சாட்சியங்கள்

கல்முனையில் கிணறு வெட்டும் தொழிலாளி, மேலே வரும் மண்ணைக் கண்டு நிலத்தின் இயல்பை மதிப்பிடுகிறான். மூவாயிரம் மீற்றர் ஆழமான பெற்றோலியக் கிணற்றில் இவ்வறிவு இரு சாட்சியங்களின் வழியே பெறப்படுகின்றது. ஒன்று கிணற்றுப் பதிவு, மற்றது உயிர்ச்சுவடு.

துளையினுள் கருவிகளை இறக்கிப் பாறைகளின் பௌதிக இயல்புகளை ஆழவாரியாக அளந்து வரைவதே கிணற்றுப் பதிவாகும். 1927இல் பிரான்சின் பெசல்புரோன் எண்ணெய்வயலில் சுலும்பேசர் சகோதரரின் முறைப்படி முதலாவது மின்தடைப் பதிவு பெறப்பட்டது. உவர்நீர் மின்னை எளிதிற் கடத்தும். எண்ணெயும் வாயுவும் தடுக்கும். பொற்றாசியம், தோரியம் முதலியன செறிந்த களிக்கல், பொதுவாக மணற்கல்லிலும் மிகுதியான காமாக் கதிர்களை வெளியிடும். எனவே பாறையின் வகையையும் அதன் நுண்துளைகளில் நிறைந்துள்ள பொருளையும் பதிவு உணர்த்துகின்றது. ஆயின், அதன் காலத்தை அது உணர்த்துவதில்லை. வெவ்வேறு காலத்து மணற்கற்கள் இரண்டு ஒரேவகைக் கோட்டினைத் தரலாம்.

காலத்தை உயிர்ச்சுவடுகள் கூறுகின்றன. துளைக்கருவி பெரிய சிப்பிகளை நொறுக்கிவிடும். போராமினிபெரா போன்ற நுண்ணுயிர்களின் ஓடுகளோ சிதையாது மேலே வரும். ஆயினும் மேற்படைத் துகள்கள் துளையினுள் உதிர்ந்து கீழ்ப்படைத் துகள்களோடு கலப்பதுண்டு. ஆகவே, மேலிருந்து கீழே செல்கையில் ஓரினம் முதன்முதலாகத் தென்படும் மட்டமே, அதாவது அவ்வினம் அழிந்தொழிந்த காலத்தைக் குறிக்கும் மட்டமே, கூடுதலான நம்பிக்கைக்குரியது.

எமது நாட்டில் 1974இல் சோவியத் உதவியுடன் மன்னார்த்தீவின் பேசாலையில் கிணறு துளைக்கப்பட்டது. வர்த்தகத்திற்குப் போதிய எண்ணெய் கிட்டவில்லை. 2011இல் மன்னார்க் கடலில் கெயின் நிறுவனம் துளைத்த டொராடோக் கிணற்றில் சுமார் 25 மீற்றர் தடிப்பில் வாயுப்படை கண்டறியப்பட்டது. அதனைத் தாங்கிய மணற்கல் மேல் கிரித்தேசியக் காலத்தது. தமிழ்நாட்டின் அரியலூரில் அக்காலப் பாறைகள் நிலத்தின் மேலேயே வெளிப்பட்டுக் கிடக்கின்றன. இவ்வாறு தொலைவிலுள்ள படைகளை ஒப்பிட்டு இணைப்பதற்குக் காலக்கணிப்பு இன்றியமையாதது. 2015இல் அந்நிறுவனம் விலகியது. வர்த்தக உற்பத்தி இதுவரை தொடங்கவில்லை.

அழிந்த உயிரினங்களை அறிவதற்கு எலும்புச் சுவடுகள் எவ்வாறோ, அழிந்த பொருளாதார அமைப்புக்களை அறிவதற்கு உழைப்புக் கருவிகளின் எச்சங்கள் அவ்வாறே என மார்க்ஸ் 'மூலதன'த்தில் ஒப்பிட்டார். கிணற்றுப் பதிவும் உழைப்பின் விளைபொருளே. நிறுவனங்கள் வரலாம், போகலாம். அவை ஈட்டிய பதிவுகளை வாசிக்கவல்லோர் நாட்டினுள் இல்லையேல், அப்பதிவுகள் எம் கையிலிருந்தும் பயனில்லை. எமது அம்பாறைக் கரையின் அடியிலுள்ளது விஜயன் தொகுதியின் பளிங்குருப் பாறை. அதில் எண்ணெய்க்கு இடமில்லை. ஆனால் கிழக்குக் கரைக்கு அப்பாலுள்ள கடலை ஆராய்வதற்கு 2016இல் பிரான்சின் தொத்தால் நிறுவனத்துடன் அரசு உடன்பாடு செய்தது. அக்கடலை நம்பியே எமது மீனவர் வாழ்கின்றனர். அதன் அடியில் உள்ளது எது என்பதை அவர்தம் பிள்ளைகள் தம் மொழியிற் கற்று, தாமே வாசித்தறியும் நிலை உருவாகவேண்டும். வளத்தைப் பற்றிய பேரத்தில் மக்கள் பங்குகொள்வதற்கு அதுவே முதல் நிபந்தனை.