பிந்தி வந்தால் பயன் உண்டா?

புதிதாக ஆப் எழுத வருகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் இதைத்தான்: "டிசிபியா, யுடிபியா, எது வேகம்?" வேகம் கிடக்கட்டும். முதலில் இதற்குப் பதில் சொல்லுங்கள். நீங்கள் அனுப்பும் டேட்டா பிந்திப் போய்ச் சேர்ந்தால் அதற்கு ஏதாவது பயன் உண்டா?

பணம் அனுப்பும் ஆப் என்றால் உண்டு. அரை நொடி பிந்தினாலும் பரவாயில்லை, ஒரு பைட்கூட விட்டுப்போகக் கூடாது. அங்கே டிசிபிதான், யோசிக்கவே வேண்டாம்.

போன் பேச்சு அப்படியில்லை. பேச்சை வழக்கமாக 20 மில்லி செகண்ட் துண்டுகளாக்கி நொடிக்கு 50 பாக்கெட் அனுப்புவார்கள். வழியில் ஒன்று தொலைந்தது என்று வையுங்கள். டிசிபி அதை மறுபடி வரவழைக்கும். அது வரும்வரை, பின்னால் வந்து சேர்ந்த பாக்கெட்டுகளையும் ஆப்புக்குக் கொடுக்காமல் பிடித்து வைத்திருக்கும். போய்வர 100 மில்லி செகண்ட் ஆகும் லைனில் ஐந்தாறு துண்டாவது இப்படித் தேங்கும். பேச்சு போனுக்குள் வந்துவிட்டது, காதுக்கு வரவில்லை! யுடிபியில் தொலைந்த துண்டு மட்டும்தான் நஷ்டம். முன்னால் வந்த ஒலியை வைத்து மென்பொருள் அந்த இடத்தை நிரவிவிடும்.

இந்த இழுபறி இணையம் பிறந்தபோதே இருந்தது. விண்ட் செர்ஃபும் பாப் கானும் 1974-இல் எழுதிய வடிவத்தில் எல்லாமே ஒரே புரோட்டோகால். நெட்வொர்க்கில் பேச்சை அனுப்பிப் பார்த்த டேனி கோஹன் போன்றவர்களுக்கு அது ஒத்துவரவில்லை. 1978-இல் டிசிபி வேறு, பாக்கெட்டைக் கொண்டுபோகும் ஐபி வேறு என்று பிரித்தார்கள். 1980-இல் ஜான் போஸ்டல் அந்த ஐபியின் மேல் ஓடும் யுடிபியை மூன்றே பக்கத்தில் எழுதி முடித்தார். ஹெடர் 8 பைட்தான்; டிசிபிக்குக் குறைந்தது 20. அந்த மூன்று பக்கத்தின் மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு.

அதற்காக யுடிபியை எடுத்து, தொலைந்ததைக் கேட்டு வாங்க கொஞ்சம் கோட், வரிசைப்படுத்தக் கொஞ்சம் என்று ஒட்டுப்போடாதீர்கள். நெரிசல் வந்தால் வேகத்தைக் குறைக்கும் வேலையை மறந்துவிடுவீர்கள். டிசிபியிலேயே அது சரியாக இல்லாத காலத்தில், 1986 அக்டோபரில், பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் சுமார் 400 கஜ தூரத்தில் இருந்த லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் இடையே நொடிக்கு 32 கிலோபிட் போன லைன் வெறும் 40 பிட்டுக்கு விழுந்தது. வான் ஜேக்கப்சன் அதற்குக் கண்ட வைத்தியம்தான் இன்றைய டிசிபியின் நெரிசல் கட்டுப்பாட்டுக்கு அடிப்படை.

யுடிபியின் மேல் இதையெல்லாம் முறையாகக் கட்டியது க்விக் என்ற புரோட்டோகால். கூகுளில் தொடங்கி, 2021-இல் பொதுத் தரமானது. ஒரே இணைப்பில் பல ஓடைகள். ஒன்றில் பாக்கெட் தொலைந்தால் மற்றவை நிற்பதில்லை. வைஃபையிலிருந்து மொபைல் டேட்டாவுக்கு மாறினாலும் இணைப்பைத் தொடரலாம். மொபைல் ஆப்புக்கு நான் இதைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன். ஆனால் சில அலுவலக ஃபயர்வால்கள் யுடிபியை மறித்துவிடும், டிசிபிக்குத் திரும்பவும் வழி வைத்திருங்கள்.

ஆபீஸ் நெட்வொர்க்கில் மட்டும் சோதித்துவிட்டு முடிவெடுக்காதீர்கள். அங்கே பாக்கெட் தொலைவதே அபூர்வம், எதை எடுத்தாலும் நன்றாகத்தான் ஓடும். லினக்ஸில் நெட்எம் என்ற கருவி இருக்கிறது; நூற்றுக்கு இரண்டு பாக்கெட்டை வேண்டுமென்றே தொலைக்கச் சொல்லி ஓட்டிப் பாருங்கள். பிறகு முடிவெடுங்கள்.