கணக்கையும் வாசிக்கக் கற்றுத் தருவோம்

"இன்று ஆலைக்கு வந்த கரும்பு 18 டன். இது நேற்று வந்ததைவிட 5 டன் குறைவு. நேற்று வந்தது எவ்வளவு?"

கூட்டுறவு சர்க்கரை ஆலை இருக்கும் படாளத்தில் கரும்பு வண்டியைப் பார்க்காத பிள்ளை கிடையாது. ஆனாலும் இந்தக் கணக்குக்கு 13 என்று விடை எழுதும் பிள்ளைகள் எந்த ஊர் வகுப்பிலும் இருப்பார்கள். 'குறைவு' என்ற சொல் கண்ணில் பட்டதும் கை தானாகக் கழித்துவிடுகிறது. கழித்ததில் பிழையில்லை, வாசித்ததில்தான் பிழை. இந்தப் பிள்ளைக்கு இன்னும் பத்துக் கழித்தல் கணக்குகளைக் கொடுத்து என்ன பயன்?

பிழை எங்கே நேர்கிறது என்று கண்டறிய, ஆஸ்திரேலியக் கல்வியாளர் ஆன் நியூமன் 1977-ல் ஐந்து படிகளை வகுத்தார்: வாசித்தல், பொருள் புரிதல், கணக்காக மாற்றுதல், செய்தல், விடை எழுதுதல். இவற்றில் முதல் இரண்டும் மொழிப்பாட வேலை.

ஆகவே தமிழ் வகுப்பில் செய்வதைக் கணக்கு வகுப்பிலும் செய்யலாம். முதலில் கணக்கை உரக்க வாசிக்கட்டும். பிறகு புத்தகத்தை மூடிவிட்டுச் சொந்த வார்த்தையில் சொல்லட்டும். அடுத்து இரண்டு கோடுகள்: இன்றைக்குச் சிறியது, நேற்றைக்குப் பெரியது. சிறிய கோட்டின் மேல் 18, பெரிய கோட்டில் மிஞ்சும் துண்டின் மேல் 5. கூட்ட வேண்டும் என்பதைக் கோடே காட்டிவிடும், விடை 23. கடைசியாக, இதே போல ஒரு கணக்கை அந்தப் பிள்ளையே எழுதட்டும்.

இது நமக்குப் புதிதல்ல. காரி நாயனாரின் 'கணக்கதிகாரம்' கணிதத்தைச் செய்யுளில் சொன்ன நூல். பாட்டுக்குப் பொருள் பிடிபடாமல் அதில் கணக்குப் போட முடியாது. திண்ணைப் பள்ளிகளிலும் எண்சுவடியை வாய்விட்டுச் சொல்லித்தான் படித்தார்கள்.

2022-ல் தமிழக அரசு தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம், பெயரிலேயே இரண்டையும் சேர்த்து வைத்திருக்கிறது. பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என நிலைவாரியாகப் பிரித்துக் கற்பிக்கும் திட்டம் அது. எண்ணில் முன்னேறிய பிள்ளை வாசிப்பில் பின்தங்கியிருந்தால், வாக்கியக் கணக்கு வரும்போது தடுமாறத்தான் செய்யும். தொடக்கப் பள்ளியில் பெரும்பாலும் ஒரே ஆசிரியர்தான் இரண்டையும் நடத்துகிறார் என்பதால், அதைக் கண்டுபிடிக்க வசதியான இடத்தில் இருப்பவரும் அவரே.

ஆசிரியர்களே, பெற்றோர்களே, தவறான விடையைச் சிவப்பு மையில் அடிக்கும் முன் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "இந்தக் கணக்கு என்ன சொல்லுது, எனக்குச் சொல்லு பார்ப்போம்." பிள்ளைக்கு உதவி எங்கே தேவை என்பது அந்தப் பதிலில் தெரிந்துவிடும்.