தங்கம் நல்லது... தங்க உப்பு?

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் தாண்டி, வெள்ளிமலைப் பக்கம் போயிருக்கிறீர்களா? கல்வராயன் மலைக்காட்டில் மலைவாழ் மக்கள் பொறுக்கி எடுத்து வருகிற பொருட்களில் ஒன்று கடுக்காய். வயிறு சரியில்லை என்றால் நம் பாட்டிமார்கள் தேடுவார்களே, அதே கடுக்காய்தான்!

அதற்கும் தங்கத்துக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? இருக்கிறது.

சோதனைச்சாலையில் தங்க குளோரைடு என்கிற உப்பைத் தண்ணீரில் கரைத்தால் மஞ்சளாக இருக்கும். அதில் கடுக்காய்ச் சாற்றை விட்டால், கொஞ்ச நேரத்தில் மாதுளம்பழச் சிவப்பாக மாறிவிடும். கடுக்காயில் உள்ள துவர்ப்புச் சத்து, உப்பிலிருந்து தங்கத்தைப் பிரித்துவிடுகிறது. பிரிந்த துகள்கள் தலைமுடியின் பருமனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இருக்காது. அவ்வளவு பொடியானால் தங்கம் சிவப்பாகத் தெரியும்! 1857-லேயே இங்கிலாந்தின் மைக்கேல் பாரடே, வேறு முறையில் இந்தச் சிவப்புத் திரவத்தைச் செய்து காட்டியிருக்கிறார்.

'இதெல்லாம் நமக்கு எதற்கு?' என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். மருந்துக் கடையில் வாங்குகிற கர்ப்பப் பரிசோதனை அட்டையில் தெரியும் அந்தச் சிவப்புக் கோடு, பெரும்பாலும் இந்தத் தங்கத் துகள்கள்தான்.

தொட்டால் என்ன ஆகும்?

நகைத் தங்கம் சாதுவானது. எதனோடும் சட்டென்று சேராது. ஆனால் ராஜ திராவகத்தில் கரைத்து உப்பாக்கிவிட்டால் அதன் குணமே வேறு. சோதனைச்சாலையில் வாங்குகிற தங்க குளோரைடின் எடையில் ஏறக்குறைய பாதி தங்கம். ஈரத்தை இழுக்கும், வெளிச்சம் ஆகாது. அதனால் பழுப்பு நிறப் பாட்டிலில் இறுக மூடி வைப்பார்கள். இரும்புக் கரண்டியால் எடுக்கக் கூடாது. தோலில் பட்டால் ஊதாக் கறை விழும், புண்ணாகும். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. உங்கள் பிள்ளை கல்லூரி ஆய்வகத்தில் இதைக் கையாண்டால் கையுறையும் கண்ணாடியும் கட்டாயம் என்று சொல்லி வையுங்கள். பட்டுவிட்டால் ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடமாவது கழுவிவிட்டு டாக்டரிடம் போக வேண்டும்.

மூட்டுவலிக்குத் தங்க ஊசி

பிரான்சு டாக்டர் ழாக் ஃபாரஸ்டியே, 1929-ல் வேறொரு வகைத் தங்க உப்பை முடக்குவாதத்துக்குக் கொடுத்துப் பலன் கண்டார். பல வருடங்கள் வாரம் 50 மில்லிகிராம் ஊசியாகப் போட்டார்கள். 1985-ல் அமெரிக்காவில் ஆரனோஃபின் என்ற மாத்திரைக்கு அனுமதி கிடைத்தது. வீக்கம் குறைந்தது உண்மைதான். ஆனால் சிலருக்குத் தோலில் தடிப்பு, வாய்ப்புண், சிறுநீரில் புரதம் கசிவது, ரத்த அணுக்கள் குறைவது என்று தொல்லைகளும் வந்தன. அதனால்தான் அடிக்கடி ரத்தம், சிறுநீர் பார்த்துப் பார்த்துக் கொடுத்தார்கள். மெத்தோட்ரெக்ஸேட் போன்ற மருந்துகள் வந்தபின் தங்கம் பின்னுக்குப் போனது. 2019-ல் பல நாடுகளில் அந்த ஊசியின் விற்பனையே நின்றது.

ஆகவே, யாராவது 'தங்கம் சேர்ந்த மருந்துங்க, பக்க விளைவே கிடையாது' என்று சொன்னால் அப்படியே நம்பிவிடாதீர்கள். பஸ்பம் எதுவானாலும் பதிவு பெற்ற சித்த மருத்துவரிடம் மட்டும் வாங்குங்கள். சாப்பிடுகிற மற்ற மருந்துகளையும் அவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

முலாம் தண்ணீர் - உஷார்!

சிதம்பரம் கவரிங் நகை தெரியாதவர் உண்டா? கவரிங் நகைக்கு முலாம் பூச வழக்கமாகப் பயன்படுவது பொட்டாசியம் தங்க சயனைடு. பெயரிலேயே சயனைடு இருக்கிறது, பாருங்கள்! பட்டறைத் திரவத்தைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வீட்டுக்குக் கொண்டுவருவது மகா தப்பு. தாகத்தில் ஒரு குழந்தை எடுத்துக் குடித்துவிட்டால்? வாந்தி எடுக்க வைக்கிறேன் என்று நேரத்தை வீணாக்காமல் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். அந்தப் பாட்டிலையும் பத்திரமாக மூடி ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போங்கள். என்ன விஷம் என்று தெரிந்தால்தான் டாக்டர் சட்டென்று மாற்று மருந்து கொடுக்க முடியும்.

தங்கம் கழுத்தில் இருக்கட்டும். அதன் உப்பு மட்டும் நம் வீட்டுக்குள் வர வேண்டாம்!