லின்க்ஸ் பூனையின் இதயமும் நம்ம மந்தைக் கிடாயும்



ஆடு மாடு பற்றி எழுதுற பக்கத்தில் இவர் ஏன் காட்டுப்பூனையின் இதயத்தைப் பற்றி எழுதுகிறார் என்று கேட்பீர்கள். காரணம் என் கிடாய்தான். இருபது பெட்டை வெள்ளாடுகளுக்கு ஒரே கிடாய் வைத்திருந்தேன். அது வயசானதும் அதன் மகனையே பொலிக்கு விட்டேன். மூன்று நான்கு ஈத்து கழித்து குட்டிகள் சிறுத்துப் பிறந்தன. சில எழுந்து நின்று பால் குடிக்கவே தெம்பில்லாமல் செத்தன. தீவனத்தை மாற்றினேன், தாது உப்பு கொடுத்தேன். ஒன்றும் சரியாகவில்லை. பக்கத்துக் காட்டில் ஆடு மேய்க்கிற பெரியவர் பார்த்துவிட்டு, "சார், தீனில ஒண்ணுமில்ல. மொதல்ல கிடாயை மாத்துங்க" என்றார். அவர் சொன்னது ஏன் சரி என்று தேடிப் படித்தபோதுதான் சுவிட்சர்லாந்து வரைக்கும் போய்விட்டேன்.

மறுபடி வந்த பூனை

லின்க்ஸ் என்பது ஐரோப்பியக் காடுகளில் வாழும் பெரிய காட்டுப்பூனை. காது நுனியில் கறுப்பு மயிர்க்கொத்து, குட்டை வால், சுமார் 20 கிலோ எடை. மான் வகைகளை வேட்டையாடித் தின்னும். காட்டை அழித்ததாலும், இரை குறைந்ததாலும், ஆடு பிடிக்கிறது என்று சுட்டுத் தள்ளியதாலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது சுவிட்சர்லாந்தில் இல்லாமல் போனது.

பிறகு காடு திரும்பியது, மான்களும் பெருகின. 1971இல், அன்றைய செக்கோஸ்லோவாக்கியாவின் கார்பாத்தியன் மலையில் பிடித்த லின்க்ஸ்களை ஆல்ப்ஸ் மலைக்காட்டில் விட்டார்கள். அடுத்த சில ஆண்டுகளில் ஆல்ப்ஸிலும் ஜுரா மலையிலும் மேலும் சில விடப்பட்டன. எல்லாம் சேர்த்து ஒரு சின்ன மந்தை அளவுதான். அதிலும் எல்லாமே குட்டி போட்டுவிடவில்லை. ஆனாலும் லின்க்ஸ் நிலைத்தது, பெருகியது. எல்லோருக்கும் மகிழ்ச்சி.

அங்கே ஆராய்ச்சிக்காக லின்க்ஸைப் பிடித்து, மயக்க ஊசி போட்டு, கழுத்தில் ரேடியோ பட்டை கட்டுவார்கள். அந்த நேரத்தில் கால்நடை மருத்துவர் உடம்பையும் சோதிப்பார். சில லின்க்ஸ்களின் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்தபோது 'லப் டப்' சத்தத்துக்கு நடுவே இன்னொரு இரைச்சல் கேட்டது. இதய முணுமுணுப்பு என்பது அதுதான். செத்துக் கிடந்த லின்க்ஸ்களின் இதயத்தை அறுத்துப் பார்த்தபோது, சிலவற்றில் இதயத் தசை தழும்பேறி இருந்தது. இதயத்துக்கு ரத்தம் கொண்டு போகும் குழாய்களின் சுவர் தடித்திருந்தது. பெர்ன் பல்கலைக்கழகத்தின் வனவிலங்கு நல ஆய்வாளர்கள் இதை 2020இல் விரிவாக வெளியிட்டார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அங்கே லின்க்ஸ் சாவதற்கு முதல் காரணம் இதய நோய் இல்லை. வண்டியில் அடிபடுவதும், திருட்டுத்தனமாகச் சுடப்படுவதும்தான் பெரிய காரணங்கள். இதய நோய்க்கு நெருங்கிய உறவுக்குள் இனம் பெருகியதுதான் காரணம் என்று இன்னும் நிரூபணம் ஆகவில்லை. ஆய்வாளர்களுக்கு அது ஒரு வலுவான சந்தேகம். அந்தச் சந்தேகத்துக்கு வலு கொடுப்பது அமெரிக்காவில் நடந்த ஒரு சம்பவம்.

புளோரிடாவில் கிடைத்த பாடம்

புளோரிடாவின் தெற்கே சதுப்புக்காட்டில் வாழும் பூமா இனம், 1990களின் தொடக்கத்தில் 20 முதல் 30 வரை குறைந்துவிட்டது. மிஞ்சியவை எல்லாம் ஒன்றுக்கொன்று சொந்தம். பலவற்றுக்கு வால் நுனி மடங்கி இருந்தது. பல ஆண்களுக்கு விதை இறங்கவில்லை. சிலவற்றுக்கு இதயத்தின் மேல் அறைகள் இரண்டுக்கும் நடுவே உள்ள சுவரில் ஓட்டை.

1995இல் டெக்சாஸிலிருந்து 8 பெண் பூமாக்களைக் கொண்டு வந்து விட்டார்கள். அந்தக் காலத்தில் இரண்டு பக்கத்துப் பூமாக்களும் காடு வழியாகக் கலந்து வாழ்ந்தவைதான். நடுவில் இருந்த காடு அழிந்ததால் பிரிந்தவை. எட்டில் 5 மட்டுமே குட்டி போட்டன. அதுவே போதுமானதாக இருந்தது. கலப்பில் பிறந்தவை நன்றாகப் பிழைத்தன, குறைபாடுகள் குறைந்தன, சில ஆண்டுகளில் எண்ணிக்கை மூன்று மடங்கானது. வேலை முடிந்ததும், மிஞ்சியிருந்த டெக்சாஸ் பூமாக்களைக் காட்டிலிருந்து அகற்றிவிட்டார்கள்.

ஏன் இப்படி ஆகிறது?

ஆடு மாடு போன்ற விலங்குகளுக்குப் பெரும்பாலான மரபணுக்கள் இரண்டு பிரதி. ஒன்று தாயிடமிருந்து, ஒன்று தகப்பனிடமிருந்து. பழுதான மரபணு எல்லா உயிரிடமும் சில இருக்கும். ஆனால் பல பழுதுகள் இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டிய காசோலை மாதிரி. ஒரு கையெழுத்து மட்டும் இருந்தால் செல்லாது. மற்ற நல்ல பிரதி வேலையைச் சமாளித்துவிடும். தாயும் தகப்பனும் சொந்தமாக இருந்தால், ஒரே தாத்தாவின் பழுது இரண்டு பக்கமும் வந்து சேரும். அப்போதுதான் நோய் வெளியே தெரியும்.

நான் வங்கியில் வேலை பார்த்தவன், கணக்காகச் சொன்னால்தான் எனக்கே புரியும். உறவில்லாத 10 விலங்குகள் மட்டுமே இனப்பெருக்கம் செய்கிற கூட்டத்தில், ஒவ்வொரு தலைமுறையிலும் மரபு வளத்தில் சுமார் 5 சதவீதம் கரையும். இது கூட்டு வட்டி மாதிரிதான், ஆனால் கழிக்கிற வட்டி. பத்துத் தலைமுறையில் நூறு ரூபாய் அறுபது ஆகிவிடும். அதன் பிறகு கூட்டம் இருநூறாகப் பெருகினாலும், போன நாற்பது ரூபாய் திரும்பாது. மேலும் கரைவது மட்டும்தான் குறையும்.

ஸ்லோவேனியாவில் 1973இல் விட்டது 6 லின்க்ஸ். அதிலும் சில ஒன்றுக்கொன்று ரத்த சொந்தம். அவற்றின் வாரிசுகள் குரோஷியா, போஸ்னியா வரை பரவின. முதல் இருபது வருடம் அமோகம்; பிறகு தேய ஆரம்பித்தது. கடைசியில் 2019 முதல் ருமேனியாவிலிருந்தும் ஸ்லோவாக்கியாவிலிருந்தும் புது லின்க்ஸ்களைத் தனிமையில் வைத்துச் சோதித்த பிறகு காட்டில் விட்டார்கள். கவனியுங்கள், அதே கார்பாத்தியன் வழி வந்தவைதான். இனம் மாறவில்லை, ரத்தம்தான் புதுசு.

நம்ம மந்தைக் கணக்கு

மந்தையில் எத்தனை தலை என்பது வேறு, மரபுக் கணக்கில் எத்தனை என்பது வேறு. ஆண் எண்ணிக்கையையும் பெண் எண்ணிக்கையையும் பெருக்கி, அதை 4ஆல் பெருக்கி, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்துப் பாருங்கள்.

1 கிடாய், 20 பெட்டை: 80 வகுத்தல் 21. விடை நாலுக்கும் கொஞ்சம் கீழே. தலைமுறைக்கு சுமார் 13 சதவீதம் இழப்பு.

2 கிடாய், 20 பெட்டை: விடை ஏழுக்குச் சற்று மேல். இழப்பு சுமார் 7 சதவீதம்.

4 கிடாய், 20 பெட்டை: விடை பதிமூன்றுக்குச் சற்று மேல். இழப்பு சுமார் 4 சதவீதம்.

என் தொழுவத்தில் 21 ஆடுகள் நின்றன. மரபுக் கணக்கில் நான் வைத்திருந்தது நாலு ஆடுதான். அதிலும் மகனையே பொலிக்கு விட்டது தப்புக்கு மேல் தப்பு.

எல்லோராலும் நாலு கிடாய் வைக்க முடியாது, தேவையும் இல்லை. செய்யக்கூடியவை இவை:

• உங்கள் மந்தையில் பிறந்த கிடாயை அதே மந்தையில் பொலிக்கு விடாதீர்கள். தன் மகள்கள் பருவத்துக்கு வரும் முன்பே கிடாயை மாற்றுங்கள்.

• நாலைந்து பேர் சேர்ந்து, ஆளுக்கொரு கிடாய் வைத்து, சுற்றில் மாற்றிக்கொள்ளுங்கள். பொலிகாளைக்கும் சேவலுக்கும் இதே முறைதான்.

• புதுக் கிடாயை அதே இனத்தில், தூரத்து ஊர் மந்தையிலிருந்து வாங்குங்கள். மூன்று வாரமாவது தனியாகக் கட்டி, நோயில்லை என்று பார்த்த பிறகே மந்தையில் விடுங்கள்.

• எந்தக் குட்டிக்கு எது தாய், எது தகப்பன் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

நாட்டு இனங்களை மீட்கிறோம் என்று பலரும் இரண்டு மாடு, ஒரு காளை என்று தொடங்குகிறோம். நல்ல காரியம்தான். ஆனால் ஒரே காளையின் வாரிசுகளையே ஊர் முழுக்கக் கொடுத்தால், லின்க்ஸுக்கு வந்த வினை அதற்கும் வரலாம். அதுவும் உடனே தெரியாது; எண்ணிக்கை ஏறுகிற சந்தோஷத்தில் இருக்கும்போது உள்ளே கரைந்துகொண்டிருக்கும்.

நான் பெரியவர் சொன்னபடி கிடாயை மாற்றிவிட்டேன். போன ஈத்தில் பிறந்த குட்டிகள் பிறந்த அரை மணி நேரத்தில் எழுந்து முட்டிக் குடித்தன. ஒரு ஈத்தை வைத்து முடிவு சொல்லக் கூடாது. நோட்டில் எழுதி வருகிறேன். உங்கள் மந்தையில் இப்போது நிற்கிற கிடாய் எங்கே பிறந்தது என்று இன்றைக்கே ஒரு தடவை யோசித்துப் பாருங்கள்.