பட்டத்துக்கு ஒரு பிறமொழி

அமெரிக்காவில் இயற்பியல் படிக்கச் சேரும் மாணவரும் பல பல்கலைக்கழகங்களில் ஒரு பிறமொழியைக் கற்றாக வேண்டும். நான்கு ஆண்டு இளங்கலைப் பட்டத்துக்கான பொதுத் தகுதிகளுள் அதுவும் ஒன்று. பொறியியல், வணிகப் பிரிவுகளில் பெரும்பாலும் இந்தக் கட்டாயம் இல்லை.

இதை நிறைவு செய்ய வழிகள் பல. வகுப்பில் சேர்ந்து இரண்டு முதல் நான்கு பருவம் படிப்பது பரவலான வழி. பள்ளியிலேயே மொழி கற்றவர்கள் கல்லூரித் தரப் பாடங்களுக்கான 'ஏபி' தேர்வின் மதிப்பெண்ணையோ பல்கலைக்கழகம் நடத்தும் தரநிலைத் தேர்வையோ காட்டி விலக்குப் பெறலாம். யேல் பல்கலைக்கழகம் இதில் கண்டிப்பானது: ஏற்கெனவே மொழி தெரிந்தவரும் மேல்நிலையில் ஒரு பாடமாவது படிக்க வேண்டும், புதிதாகத் தொடங்குபவருக்கு மூன்று பருவங்கள். தெரிந்த மொழியையும் மேலும் வளர்க்கச் சொல்லும் இந்த விதியே சிறந்தது.

மொழி ஸ்பானிஷாகவோ பிரெஞ்சாகவோ இருக்க வேண்டியதில்லை. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பிக்கப்படுகிறது. அங்கே தமிழைக் கொண்டும் இத்தகுதியை அடையலாம். வீட்டில் தமிழ் பேசி, எழுதப் படிக்கத் தெரியாமல் வளர்ந்த பிள்ளைகளுக்கு இது அரிய வாய்ப்பு.

ஆனால் மொழித் துறைகள் சுருங்கி வருகின்றன. அமெரிக்க உயர்கல்வியில் பிறமொழி வகுப்புகளில் சேர்வோர் எண்ணிக்கை 2016-க்கும் 2021-க்கும் இடையில் 16.6 விழுக்காடு சரிந்தது. 2023-இல் மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகம் மொழிப் பட்டப்படிப்புகளையே கைவிட்டது.

சேரவிருக்கும் மாணவர்கள் முதல் பருவத்திலேயே தங்கள் துறையின் மொழி விதியை ஆலோசகரிடம் கேட்டறிய வேண்டும். கடைசி ஆண்டுக்குத் தள்ளிவைத்தால் பட்டமே தாமதமாகலாம்.