நாடா அழுந்திய இடம்

ஊசி போடும் அறையில் வேலை பார்த்த நர்ஸுக்குப் பெண்களின் இடுப்பு தெரியும். "சிஸ்டர், மெதுவா" என்றபடி புடவையைச் சற்று இறக்குவார்கள். உள்பாவாடை நாடா அழுந்திய இடம் கறுத்துத் தடித்திருக்கும். மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலையில் காலையிலிருந்து உட்கார்ந்து காய் விற்கிற அம்மாக்களுக்கு அங்கே தோல் உரிந்து வெளுத்தும் போயிருக்கும். கேட்டால், "அது எப்பவும் அப்படித்தான்" என்பார்கள்.

பெரும்பாலும் அது வெறும் தழும்புதான். மிக அபூர்வமாக அதில் புற்று வருவதுண்டு. வேட்டியை இறுக்கிக் கட்டும் இடுப்பில் வரும் புற்றைப் பற்றி கானோல்கரும் சூரியாபாயும் 1945-லேயே எழுதிவிட்டார்கள். 2024-ல் பிஎம்ஜே கேஸ் ரிப்போர்ட்ஸ் இதழில் வார்தா, பீகார் மருத்துவர்கள் இரண்டு பெண்களைப் பற்றி எழுதினார்கள். ஒருவருக்கு வயது 70; பதினெட்டு மாதமாக இடுப்பில் ஆறாத புண். குற்றவாளி புடவை அல்ல, ஒரே இடத்தில் வருடக்கணக்கில் அழுத்தி உரசும் இறுக்கம். டெய்லரிடம் சொல்லி நாடாவுக்குப் பதில் அகலமான பட்டை வைத்துத் தைத்துக்கொள்ளலாம். வீட்டிலிருக்கும்போது தளர்த்திக் கட்டலாம்.

இந்த வகைக்குப் பெயர் செதிள் செல் புற்று. வெள்ளைக்காரர்களுக்கு வெயிலில்தான் அதிகம் வருகிறது. நம் தோலின் கருமை வெயிலைப் பெருமளவு தடுத்துவிடுகிறது. ஆனால் பழைய தீக்காயத் தழும்பையும் ஆறாத புண்ணையும் அது காக்காது. தொழுநோயால் மரத்துப்போன காலில் பல வருடம் ஆறாமல் கிடக்கும் புண்ணிலும் இது வரும். காஷ்மீரில் குளிருக்காக அங்கிக்குள் கங்கிரி என்னும் நெருப்புச் சட்டியை வைத்துக்கொள்பவர்களுக்குத் தொடையிலும் வயிற்றிலும் வருகிறது. விட்டுவிட்டால் தொடை இடுக்கில் நெறி கட்டும்; பரவிவிட்டதோ என்று மருத்துவர்கள் கவலைப்படுவது அப்போதுதான்.

தோலில் வரும் இன்னொரு வகையான அடித்தள செல் புற்று அவ்வளவு பொல்லாததல்ல. மூக்கு, கண்ணிமை என்று முகத்தில்தான் அதிகம் வரும். நம்மவர்களுக்குக் கறுப்பாக, பளபளப்பாக வருவதால் மச்சம் என்றே நினைப்பார்கள். பொருக்கு தட்டும், உதிரும், கசியும், மறுபடி பொருக்கு தட்டும். மெதுவாக வளரும், வேறு உறுப்புக்குப் பரவுவது அரிது. அதற்காக விட்டுவைத்தால் மூக்கையே அரித்துவிடும்.

பயப்பட வேண்டியது மெலனோமா என்னும் தோல் புற்றுக்குத்தான். "நாமதான் கறுப்பாச்சே" என்பவர்களுக்குப் பாடகர் பாப் மார்லியைச் சொல்வேன். கால் விரல் நகத்தடியில் வந்த மெலனோமா பரவி, 1981-ல் 36 வயதில் இறந்தார். கறுத்த தோல்காரர்களுக்கு இது உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி என்று நிறம் வெளுத்த இடமாகப் பார்த்து வருகிறது. சர்க்கரைக்காரர்கள் தினமும் பாதத்தைப் பார்ப்பார்களே, அப்போது புதிதாக ஒரு கரும்புள்ளி பரவுகிறதா, நகத்தில் கறுப்புக் கோடு அகலமாகிறதா என்றும் பார்க்கட்டும்.

ஒரு மாதமாகியும் ஆறாத புண்ணுக்கு மெடிக்கல் ஷாப் ஆயின்ட்மென்ட் போதாது. தோல் டாக்டர் சதை டெஸ்ட் எழுதினால், "கத்தி பட்டா பரவிடும்" என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்வதைக் கேட்டு ஓடிவிடாதீர்கள். பரவாது. மரத்துப்போக ஊசி போட்டு, துளியூண்டு சதை எடுத்து, தேவைப்பட்டால் ஓரிரு தையல் போட்டு, அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.